ஒரே தும்மலில் ஒரு தெரு

“எழுபத்திரண்டு வீடு, ஒரு மழலைப் பள்ளி, ரெண்டு தையல் கடை, ஒரு வாசகசாலை. ஐந்நூறு அடி நீளத்துல ஒரு முழுத் தெரு. எல்லாத்தையும் ஒரே தும்மல்ல போட்டேன்” என்றார் மைக்கூட்டார்.

முடிதிருத்துபவர் சட்டென்று கத்தியை அவர் கழுத்திலிருந்து எடுத்துக்கொண்டார். இந்தக் கதை தொடங்கினால் கத்தி மேசைக்குப் போய்விட வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். சிரிப்பில் கை ஆடினால், தெருவைப் போட்டவரின் காது தெருவுக்கு வந்துவிடும்.

“போன மாசம் நானூத்தம்பது அடின்னீங்களே ஐயா?”

“தெரு வளராதா? உன் தொப்பை வளரலையா?”

பெஞ்சில் காத்திருந்த தபால்காரர் செய்தித்தாளை மடித்தார். “தும்மினா கோடு கோணலாத்தானே போகும்?”

“நீ தும்மினா கோணலாத்தான் போகும். அதான் உன்னைத் தபால் கொடுக்க வச்சிருக்காங்க.”

மைக்கூட்டார் பொய் சொல்கிறவர் அல்லர். உண்மையை ஊறப்போட்டு, அது இரண்டு பங்காக உப்பியதும் எடுத்துப் பரிமாறுகிறவர். வரைபட அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தான் போட்ட கோடுகளை ஒன்றாக நீட்டினால் நிலா வரை போய், அங்கே மறந்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம் என்பார். ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்பாவிட்டாலும் நின்று கேட்டார்கள். கேட்காமல் எழுந்து போகிறவர் ஒரே ஒருவர்தான். அவருடைய அக்கா.

அக்கா அதே வீட்டின் மாடியில் இருந்தார். மூன்று வேளையும் அதே மேசையில் சாப்பிட்டார். ஆனால் தம்பியிடம் நேராக ஒரு வார்த்தை பேசி முப்பத்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. எல்லாம் மைக்கூட்டாரின் மனைவி வழியாகத்தான்.

“ஏம்மா, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு.”

“அக்கா, அவர் இங்கேயேதான் இருக்கார். உங்க முழங்கை அவர் முழங்கையில இடிக்குது.”

“இடிக்க வேண்டாம்னும் சொல்லு.”

மனைவி வெளியூர் போயிருக்கும் நாட்களில் கெண்டி, குடை, குழாய் என்று எது அருகில் இருக்கிறதோ அதனிடம் சொல்வார். “குழாயே, அவன் மருந்து சாப்பிட்டானான்னு கேளு.” குழாய் சொட்டும். மைக்கூட்டார், “சாப்பிட்டேன்னு சொல்லு குழாயே” என்பார். தும்மல் கதை ஆரம்பித்தால் மட்டும் அக்கா யாரையும் தேட மாட்டார். சுவரைப் பார்த்து, “அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுவார்.

மைக்கூட்டாருக்கு வாழ்க்கையில் பாக்கி இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அக்கா பழையபடி ஒரு தடவை தன்னை “டேய்” என்று கூப்பிட வேண்டும். அதற்கு ஈடாக அந்த எழுபத்திரண்டு வீட்டையும் கொடுத்துவிடுவார். வீடுகள் அவருடையவை அல்ல என்பது வேறு விஷயம்.

*

நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரைப் பார்த்திருந்தால் யாரும் ‘மைக்கூட்டார்’ என்று மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போது வெறும் மைக்கூடு. வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு முழு மைக்கூட்டைத் தலைமை வரைவாளரின் வெள்ளைக் கால்சட்டையில் கவிழ்த்துச் சம்பாதித்த பட்டம்.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். அதே அலுவலகத்தில் அவள் சரிபார்ப்பாளர். பட்டப் பெயர் பூதக்கண்ணாடி. வரைபடத்தில் ஒரு புதுத் தெரு ஏறினால் கேன்வாஸ் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தத் தெருவைத் தன் காலால் நடந்து பார்ப்பாள். நடந்த பிறகுதான் தாளில் அந்தத் தெருவின் மேல் வெளிர்நீலப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அச்சுக்குப் படம் பிடிக்கிற கேமராவுக்கு அந்த நீலம் தெரியாது. அதனால் அச்சான வரைபடத்தில் புள்ளிகள் இருக்காது. மூலத் தாளில் மட்டும் இருக்கும். அந்தத் தாளோ கிடங்கில் பூட்டப்பட்டுவிடும். மழையில் நடந்து காய்ச்சலோடு வந்து புள்ளி வைத்தவள் அவள். நடக்காத தெருவுக்கு அக்கா புள்ளி வைத்தாள் என்று யாராவது சொன்னால் அலுவலகத்து நாற்காலிகூடச் சிரிக்கும்.

மைக்கூடு அந்த மாதம் இரண்டு தாள்களைப் பாழாக்கியிருந்தான். அவன் இன்னும் தகுதிகாண் காலத்தில்தான் இருந்தான். “மூணாவது தாளும் பாழானா, மறுநாள் காலையில நீ வீட்டுல இருந்தே காபி குடிக்கலாம்” என்று தலைமை வரைவாளர் சொல்லியிருந்தார். வீட்டில் மனைவிக்கு மசக்கை.

மூன்றாவது தாளில் ரயில் வேலியை ஒட்டிய சாலையை வரைந்துகொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது இரட்டை முனைப் பேனா. சாலையின் இரண்டு ஓரத்தையும் ஒரே இழுப்பில் போட்டுவிடும் பேனா அது. எஃகு அளவுகோலை அணைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, மை பிடிப்பதற்காகத் தாளில் தூவியிருந்த சுண்ணப்பொடி மூக்கில் ஏறியது.

அந்தத் தும்மலைப் பற்றி மைக்கூட்டார் இன்றைக்கும் பெருமையாகப் பேசுவார். கூரையில் இருந்த புறாக்கள் பறந்ததாகவும், அடுத்த தெருவில் ஒரு குதிரை கட்டறுத்துக்கொண்டதாகவும் சொல்வார். குதிரையை விட்டுவிடலாம். பேனா நிஜமாகவே பறந்தது. அளவுகோலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி, ரயில் வேலிக்கும் சோப்பு ஆலைச் சுவருக்கும் நடுவே இருந்த காலி நிலத்தில் முக்கால் சாண் ஓடி நின்றது. இரண்டு கோடுகள். இம்மி பிசகாத இணைகோடுகள். அதுவரை அவன் போட்டதிலேயே அழகான கோடு அதுதான்.

பிளேடால் சுரண்டலாம். ஆனால் அந்த இடத்தை ஏற்கெனவே இரண்டு தடவை சுரண்டியாகிவிட்டது. இன்னொரு தடவை சுரண்டினால் தாளில் ஓட்டை விழும். மைக்கூடு அக்கம்பக்கம் பார்த்தான். எதிர் மேசையில் இருந்த அக்கா உட்பட யாரும் தலை நிமிரவில்லை. சின்னப் பேனாவை எடுத்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவே ‘குறுக்குத் தெரு’ என்று அழகான எழுத்தில் எழுதினான். பிறகு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

நாலு மணிக்கு அக்கா வந்து தாளை எடுத்துப்போனாள். ஐந்து மணிக்குக் கையெழுத்தோடு அது அச்சுக்குப் போனது. ‘அக்கா அவசரத்தில் கவனிக்கவில்லை, பிழைத்தேன்’ என்று நினைத்துக்கொண்டான் மைக்கூடு.

*

ஆறு மாதம் கழித்து நகர ஆணையாளரின் கார், புது வரைபடத்தை நம்பிக் குறுக்குத் தெருவில் திரும்பியது. அங்கே தெரு இல்லை. சோப்பு ஆலையின் கழிவுக் குட்டைதான் இருந்தது. கார் மூன்று நாள் நுரைத்தது. ஆணையாளரின் தொப்பி இன்னும் நுரைக்கிறது என்பது மைக்கூட்டாரின் கூற்று.

விசாரணை வைத்தார்கள்.

“யார் சரிபார்த்தது?”

“நான்தான்” என்றாள் அக்கா.

“இல்லாத தெரு கண்ணுல படலையா?”

“தப்பு என்னோடது. எழுதிக்கோங்க.”

மைக்கூடு வாயைத் திறந்தான். மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். திறந்த வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அவன் வாழ்நாளிலேயே பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். அக்காவை ரயில் பாதை முடிகிற ஊரில் இருந்த அளவைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அவள் ரயில் ஏறிய நாளில் மைக்கூடு நிலையத்துக்குப் போகவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், மேசையில் உட்கார்ந்து ஒரு வெற்றுத் தாளில் நாள் முழுக்கக் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

தவறான தெருவை வரைபடத்திலிருந்து நீக்க உத்தரவு போட்டார்கள். உத்தரவு மேசை மேசையாக உலா வந்தது. அது ஊர் சுற்றிக்கொண்டிருந்த வேளையில் ஆற்றில் வெள்ளம் வந்து கரையோரக் குடியிருப்பை அடித்துக்கொண்டு போனது. இருபத்திரண்டு குடும்பங்கள் சந்தைக் கொட்டகையில் ஒதுங்கின. அதில் ஒருத்தி, தையல் இயந்திரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தில் நீந்தி வந்தவள். நீந்தினாள் என்பது மைக்கூட்டார் சேர்த்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தேன் என்றுதான் அவள் சொல்வாள். இன்று எல்லோருக்கும் தையல்காரம்மா.

அவள் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனாள். குமாஸ்தா நிமிராமலே கேட்டார்.

“எந்தத் தெரு?”

“தெரு தண்ணியில போயிடுச்சுங்க.”

“தண்ணியில போன தெருவை எழுத முடியாது. தெரு இல்லாம பிள்ளையைச் சேர்க்கவும் முடியாது.”

சுவரில் புது வரைபடம் தொங்கியது. தையல்காரம்மா அதன் அருகே போனாள். எல்லாத் தெருவிலும் யாரோ இருப்பார்கள், எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். அவள் யாரும் கேள்விப்படாத ஒரு குட்டித் தெருவில் விரலை வைத்தாள். “இதுங்க. குறுக்குத் தெரு. எட்டாம் நம்பர்.”

குமாஸ்தா எழுதி, முத்திரை குத்திவிட்டார். அவள் கொட்டகைக்கு ஓடிவந்து சொன்னாள்: “விலாசம் கிடைச்சிடுச்சு. இனிமே வீடு கட்டினாப் போதும்!”

போய்ப் பார்த்தார்கள். குட்டையும் முள்ளும் பாட்டில் சில்லுமாகக் கிடந்தது. சோப்பு ஆலை அந்த நிலத்தை ரயில்வேயுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது. ரயில்வே அதைச் சோப்பு ஆலையுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் தெரு என்று இருந்ததில் இரண்டு தரப்புக்கும் நிம்மதி. இருபத்திரண்டு குடும்பமும் மண் கொட்டிக் குட்டையை மூடி, முதலில் எட்டாம் நம்பர் வீட்டைக் கட்டியது. பிறகு ஒன்றாம் நம்பர். நீக்க வந்த அதிகாரி ஒன்றரை வருஷம் கழித்து வந்தபோது, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஈரச் சட்டை ஒன்று அவர் முகத்தில் அறைந்தது. திரும்பிப் போய், “தெரு இருக்கிறது. வரைபடம் சரி” என்று எழுதிக் கோப்பை மூடினார்.

அக்காவின் தண்டனைக் கோப்பு வேறு அலமாரியில் இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை.

மாற்றலாகிப் போய் ஏழு வருஷம் கழித்து ஒரு மதியம் அக்கா வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே விருந்தாளிகள். நடுவில் தம்பி கையை வீசித் தும்மல் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பேனா பறந்தது, தெரு விழுந்தது, தாள் நேராக அச்சுக்குப் போனது. அக்கா நிலைப்படியில் நின்று முழுவதையும் கேட்டார். கதையில் சரிபார்ப்பாளர் என்று ஒரு ஆள் வரவே இல்லை. கேட்டு முடித்ததும் தம்பி மனைவியிடம் திரும்பி, “ஏம்மா, பெட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லு” என்றார். அன்றைக்கு ஆரம்பித்த ‘சொல்லு’தான்.

ஏழு வருஷக் கோபம் என்று எண்ணிக்கொண்டார் மைக்கூட்டார். கோபம் இறங்கட்டும் என்று காத்திருந்தார். முப்பத்து நான்கு வருஷம் ஓடிவிட்டது.

*

சவரம் முடிந்த அன்றைக்கே தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். வரைபட அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறதாம். கிடங்கிலிருந்த பழைய மூலத் தாள்களை வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். குறுக்குத் தெரு இருக்கும் தாளை வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை வாசகசாலையில் மாட்டுகிறார்கள்.

“ஐயா, நீங்க வந்து கதை சொல்லணும். அக்கா, நீங்களும் வரணும். தாள்ல உங்க கையெழுத்து இருக்கு.”

அக்கா ஜன்னலைப் பார்த்தார். “அந்தத் தெருவுல நான் கால் வச்சதே இல்லை. வரலைன்னு சொல்லு.”

“யாருகிட்டக்கா சொல்லணும்? கேட்டதே நான்தானே!” என்றார் தையல்காரம்மா.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை வாசலில் தெரு முழுவதும் கூடியது. முடிதிருத்துபவர் கத்தியில்லாமல் வந்திருந்தார். சட்டத்தை மூடியிருந்த துணி, தையல்காரம்மா அதற்கென்றே ஓரம் அடித்துத் தைத்தது. அதை எடுத்ததும் எல்லோரும் தங்கள் வீட்டைத் தேடி மூக்கை ஒட்டினார்கள். வீடுகள் அதில் இல்லை. இரண்டு கோடுகளும் ஒரு பெயரும்தான்.

“இதென்ன ஐயா, எல்லாத் தெருவிலயும் எறும்பு முட்டை மாதிரி நீலமா ஒரு புள்ளி?” என்று கேட்டார் தபால்காரர்.

மைக்கூட்டார் நெஞ்சை நிமிர்த்தினார். “அது எங்க அக்கா வச்சது! ஒவ்வொரு தெருவையும் காலால நடந்து பார்த்துட்டு வச்ச புள்ளி. நடக்காத தெருவுக்குத் தலையை வெட்டினாலும் வைக்க மாட்டா. வேணும்னா பாருங்க, நம்ம தெருவுல மட்டும்...”

விரலைக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போனவர் நின்றார். குறுக்குத் தெருவின் நட்டநடுவில், ‘தெ’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு நீலப் புள்ளி.

அக்கா பார்த்திருக்கிறாள்.

அவசரத்தில் தவறவிடவில்லை. இல்லாத தெரு என்று தெரிந்து, யார் போட்டது என்று தெரிந்து, மூன்றாவது தாள் என்றும் தெரிந்து, நடக்காத தெருவுக்குப் புள்ளி வைத்திருக்கிறாள். மைக்கூட்டார் சட்டத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முடிதிருத்துபவர் ஒரு முக்காலியை எடுத்துப் பின்னால் தள்ளினார்.

“கதையைச் சொல்லுங்க ஐயா” என்று ஒரு குரல் கேட்டது.

“இத்தனை நாள் சொன்னது பாதிக் கதை” என்றார் மைக்கூட்டார். “முழுசா இன்னிக்குத்தான் சொல்றேன்.”

அப்போதுதான் தெருவின் முனையில் அக்கா திரும்புவதைப் பார்த்தார். காலில் கேன்வாஸ் காலணி. கையில் ஒரு துண்டுப் பென்சில். வலது பக்கம் ஒரு வீடு, இடது பக்கம் ஒரு வீடு என்று பென்சிலால் காற்றில் எண்ணிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தார். எழுபத்திரண்டு வயதிலும் அதே நடை.

மைக்கூட்டார் குரலை உயர்த்தினார். தும்மலைச் சொன்னார். குதிரையைச் சொல்ல மறந்தே போனார். “நாலு மணிக்குத் தாளை எடுத்துட்டுப் போனது எங்க அக்கா. புள்ளி வச்சது எங்க அக்கா. விசாரணையில ‘தப்பு என்னோடது’ன்னு சொன்னது எங்க அக்கா. நான் வாயைத் திறந்தேன், காத்துதான் வந்துச்சு. ஏழு வருஷம் ரயில் முடியற ஊர்ல அவ இருந்தா, நான் இங்க கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். வழியனுப்பக்கூடப் போகலை. இந்தத் தெருவைப் போட்டது நான் தும்மின தும்மல் இல்லை. அவ வச்ச புள்ளி.”

அக்கா எழுபத்திரண்டாம் வீட்டைத் தாண்டி வந்து கூட்டத்தின் முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது. சட்டத்துக்குள் இருந்த புள்ளியைக் கண்ணாடி வழியே பார்த்தார்.

“ம். இப்போ நடந்தாச்சு” என்றார். “புள்ளி சரி.”

தெருவே கை தட்டியது. தையல்காரம்மா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “அக்கா, எல்லாம் தெரிஞ்சும் ஏன் இத்தனை வருஷம் அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு சொன்னீங்க?”

“நான் இல்லாம நடந்த மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தான். அப்படி நடக்கலையே.” உட்கார்ந்தார். பிறகு குழாயைப் பார்க்காமல், குடையைப் பார்க்காமல், தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார். “டேய்.”

மைக்கூட்டார் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “என்னக்கா?”

“ஏழு வருஷம் போனதுல எனக்குக் கோபம் இல்லடா. அது நானா வச்ச புள்ளி. ஊர் பூரா கதை சொன்னியே, குதிரைக்கெல்லாம் இடம் குடுத்தியே, எனக்கு ஒரு மூலை குடுத்தியா?”

“வெக்கமா இருந்துச்சுக்கா. உன்னைச் சொன்னா, நான் வாய் மூடினதையும் சொல்லணுமே.”

“வெக்கப்படற மூஞ்சியைப் பாரு!”

“மன்னிச்சிடுக்கா.”

“புள்ளி வச்ச அன்னிக்கே மன்னிச்சாச்சு. நீதான் வந்து வாங்கிக்கலை.” இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். “துடைச்சுக்கோ. கைக்குட்டை இல்லாம வேலைக்கு வராதேன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?”

மைக்கூட்டார் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திய சத்தத்தில் வாசகசாலைக் கூரைப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. இதற்குச் சாட்சி உண்டு. அறுபது பேர் பார்த்தார்கள்.

அவருடைய மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்போ இன்னிலேருந்து எனக்கும் ஓய்வா? முப்பத்து நாலு வருஷம் தந்திக் கம்பியா நின்னிருக்கேன்!”

சிரிப்பு அடங்கும் வரை முடிதிருத்துபவர் காத்திருந்தார். பிறகு அக்காவின் நாற்காலிக்கு அருகே குனிந்து, வருஷக்கணக்காகத் தன் கடையில் கத்தியைத் தள்ளி வைக்க வைத்த அந்தக் கதையைப் பற்றி மனதில் இருந்த கேள்வியைக் கேட்டார். “அம்மா, புள்ளியெல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நிஜமாவே இவர் தும்மித்தான் இந்தக் கோடு விழுந்துச்சா?”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். நாற்பத்திரண்டு வருஷ ஈரம் இன்னும் அதில் ஒட்டியிருப்பதுபோல முந்தானையால் அழுத்தித் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

“தும்மினான்” என்றார். “நேரெதிர் மேசையில நான்தான் உட்கார்ந்திருந்தேன். பாதி என் மேலதான் தெறிச்சுது.”